மலை குளிரும் என்று நம்பி ஏறாதீர்கள்

"மலைக்குத்தானே போறோம், மேல போனா வெயிலே தெரியாது." சித்திரை மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை இன்னும் உறுதியாக நம்புகிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் பத்து மணிக்கு மேல் ஏறத் தொடங்குகிறார்கள். நாலு பேருக்கு ஒரு பாட்டில் தண்ணீர். தலையில் ஒரு துண்டுகூட இல்லை. இந்த நம்பிக்கை பொய். உயிருக்கு உலை வைக்கும் பொய்.

மங்கலதேவி கண்ணகி கோயிலையே எடுத்துக்கொள்வோம். தமிழக, கேரள எல்லையில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று மட்டுமே பக்தர்கள் போக முடியும். 2024இல் அது ஏப்ரல் 23. 2025இல் மே 12, கத்திரி வெயில் காலம். லோயர்கேம்ப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். முதியவர்களும் பிள்ளைகளுமாக ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள்.

உயரம் தரும் குளிர்ச்சி எவ்வளவு? ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி. அடிவாரத்துக் கூடலூரில் 38 டிகிரி அடித்தால் உச்சியில் 32 இருக்கலாம். அதுவும் நிழலில் அளந்த கணக்கு. மரமில்லாத புல்வெளியில் நிற்பவருக்கு அது பொருந்தாது. அந்தச் சலுகையும் உச்சியை எட்டியவருக்குத்தான். ஏற்றத்தின் முதல் பாதி முழுக்க அடிவாரச் சூட்டில் கழிகிறது. போதாததற்கு, ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடுகிறது.

இதைவிடப் பெரிய சூடு உடம்புக்குள்ளேயே பிறக்கிறது. ஏறும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி முழுவதும் வெப்பம். அதை வெளியேற்ற உடம்புக்குள்ள முக்கிய வழி வியர்வை. கடும் ஏற்றத்தில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். வறண்ட மலைக்காற்றில் அது உடனே காய்ந்துவிடுவதால் இழப்பு தெரிவதில்லை. "சட்டை நனையவே இல்லையே" என்று மகிழ்கிறவரின் உடம்பில்தான் நீர் வற்றிக்கொண்டிருக்கிறது. மேலே வீசும் காற்று சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நம்பித் தண்ணீரைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

"எங்க தாத்தா காலத்திலே இப்படித்தான் ஏறினாங்க" என்பார்கள். இல்லை, அவர்கள் இப்படி ஏறவில்லை. தேவாரம், கோம்பை ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நடந்தே போனவர்கள் விடியுமுன் கிளம்பினார்கள். தலையில் துண்டு, தூக்குவாளியில் கஞ்சி, நிழல் கண்ட இடத்தில் ஒரு இளைப்பாறல். மலை குளிரும் என்று அவர்கள் நம்பவில்லை; வெயிலை மதித்தார்கள். வெயிலில் உழைத்துப் பழகிய உடம்பு அவர்களுடையது. அந்தப் பழக்கம் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஏ.சி. அறையிலிருந்து நேராக வந்து இறங்குகிறவருக்கு அது எங்கிருந்து வரும்?

இந்த மலைகள் கோடையில் எப்படி இருக்கும் என்பதற்குக் குரங்கணி சாட்சி. 2018 மார்ச் 11 அன்று அங்கே பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பங்குனி தொடங்கும் முன்பே புல் அவ்வளவு காய்ந்திருந்தது. அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. விதி காட்டுக்குள் போகும் வழியை அடைக்கலாம். மனதில் ஊறிய நம்பிக்கையை நாம்தான் களைய வேண்டும்.

வெயில் காலத்தில் மலையேற வேண்டியிருந்தால் விடியலில் கிளம்புங்கள். உச்சிவெயில் நேரத்தில் நடக்காதீர்கள். தளர்வான பருத்தி ஆடை, தலைக்கு நனைத்த துண்டு. தாகம் முற்றும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் கேடு. உப்புப் போட்ட நீர்மோரோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ கூடவே வேண்டும். பேசிக்கொண்டே ஏற முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

கூட வந்தவர் தடுமாறினால், உளறினால், "வேர்க்குதே, பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். உடலுழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; 108ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கீழே கொண்டுபோகும்வரை காத்திருக்காமல், விழுந்த இடத்திலேயே உடம்பைக் குளிர்விக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது வரும் சித்ரா பௌர்ணமிக்குப் புறப்பட்டால், "மேலே குளிரும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். விடியலிலேயே கிளப்பிவிடுங்கள்; ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்.