காவலாளி மணி அடித்தால் மட்டும் போதுமா?



நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரிய ஒளி, காற்று, பற்றரி, தேவைக்கு டீசல். எத்தனை கிலோவாட் என்று எல்லாரும் பேசுகிறோம். இவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலரைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை.

அதில் ஓடும் புரோகிராம் சில வேளை சிக்கி நின்றுவிடும். யாழ்ப்பாண ரவுணில் என்றால் ஒருவர் வந்து சுவிச்சை நிறுத்திப் போடுவார். இங்கே ஆள் வர குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. கிணற்றுப் பம்பின் ரிலே 'ஓன்' ஆன நிலையில் புரோகிராம் நின்றால் மோட்டர் இறைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் தீவுகளில் நன்னீர், உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அளவு மீறி இறைத்தால் கிணறு உவராகும்.

இதற்குத்தான் சிப்புக்குள்ளேயே 'வாட்ச்டோக் டைமர்' உண்டு. குறித்த நேரத்துக்குள் புரோகிராம் "நான் இருக்கிறேன்" என்று சொல்லாவிட்டால் அது சிப்பை ரீசெட் செய்துவிடும். பிள்ளைகள் பாவிக்கும் ஆர்டுயினோ ஊனோவிலும் இருக்கிறது. கூடியது சுமார் 8 செக்கன் வரை வைக்கலாம்.

ஆனால் அதைப் போட்டுவிட்டால் மட்டும் காவல் ஆகாது. மணிக்கொரு தடவை மணி அடிக்கும் இரவுக் காவலாளியை நினையுங்கள். மணி கேட்காவிட்டால் போய்ப் பார்ப்போம். அந்த மணியைக் கடிகாரத்தோடு கட்டிவிட்டால்? காவலாளி தூங்கினாலும் மணி அடிக்கும். டைமர் இன்டரப்டுக்குள் வாட்ச்டோக்கை ரீசெட் செய்வது இதேதான். பிரதான வேலை செத்துக் கிடந்தாலும் "இருக்கிறேன்" என்ற சத்தம் போய்க்கொண்டிருக்கும்.

சரியான வழி: நீர்மட்டம் பார்க்கும் பகுதி, ரிலேயை இயக்கும் பகுதி, தகவல் அனுப்பும் பகுதி ஒவ்வொன்றும் வேலை முடிந்ததும் தன் அடையாளத்தை இட வேண்டும். எல்லா அடையாளமும் வந்தால் மட்டும், ஒரே ஒரு இடத்தில், வாட்ச்டோக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். ரீசெட் ஆனதும் முதல் வேலை ரிலேயை நிறுத்துவது. அடுத்தது, ஏன் ரீசெட் ஆனது என்று பதிவது. திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் பம்பை நிறுத்தி சிவப்பு லைட்டைப் போட வேண்டும்.

அந்தப் பதிவு ஏன் என்று கேட்கலாம். 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் சில நாட்களில் அடிக்கடி ரீசெட் ஆனது. முக்கியமான ஒரு வேலை நேரத்துக்கு முடியாததைக் காவல் ஏற்பாடு கண்டுபிடித்ததே காரணம். பொறியியலாளர்கள் "ரீசெட் ஆகி ஓடுதுதானே" என்று விட்டுவிடவில்லை. பூமியில் அதே கோளாறை உண்டாக்கிப் பார்த்து, காரணம் கண்டு, திருத்தத்தை அங்கே அனுப்பினார்கள். ரீசெட் முதலுதவி மட்டும்தான்; நோயைத் தேடுவது எங்கள் வேலை.

ஆகவே இரண்டு விடயம். பாடசாலைச் செயற்றிட்டங்களுக்குப் புள்ளி போடும் நாங்கள், "ஓடுகிறதா" என்பதோடு "நின்றுபோனால் என்ன ஆகும்" என்றும் கேட்போம். பிள்ளை வேண்டுமென்றே புரோகிராமை நிறுத்திக் காட்டட்டும். தீவுக்கு எந்தக் கருவி வந்தாலும், சங்கங்களும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் பொருத்த வருபவரிடம் அதே கேள்வியைக் கேட்கட்டும்: "இது சிக்கினால் தானாக எழும்புமா? எழும்பியதை எங்கே பார்க்கலாம்?"

பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க அவசரப்படத் தேவையில்லை. உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.