மூன்று ஆல்பங்களும் எமது செவியும்

செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகையாக்கிக் கூறும் தண்டியலங்காரம். தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பாட்டுப் பல ஒரு வினை கொண்டு முடிவது குளகம். பல பாட்டுக்கள் ஒருங்கு தொகுக்கப்பெற்றது தொகைநிலை. பொருளாலோ சொல்லாலோ ஒன்றையொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. வகுப்பிற் கற்ற இவ்விலக்கணம் அதனோடு சற்றும் உறவில்லாத ஓரிடத்தில் எமக்குப் பயன்பட்டது. மேனாட்டு இண்டி ராக் ஆல்பங்களைக் கேட்கும் வழக்கம் எமக்குண்டு. தமிழ் ஆனர்ஸ் பயில்வார்க்கு இஃது ஏற்குமோ என விடுதியில் வினவுவோர் பலர். அவர்க்கு விடை கூறுதல் ஈண்டு எம் நோக்கமன்று. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்று ஆல்பங்களைக் குறித்து எம் மனத்திற் பட்டதை எழுதவே புகுந்தோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். பெரிய கம்பெனிகளின் ஆட்சிக்குட்படாது, சிறு வெளியீட்டாரைக் கொண்டோ தம் கைப்பொருளைக் கொண்டோ பாட்டை வெளியிடுவோரை ‘இண்டி’ என்றனர். நாளடைவில் அச்சொல் வாணிக முறையை விட்டு ஒருவகை ஓசையைக் குறிக்கலாயிற்று. காரணப்பெயராய்ப் பிறந்தது இடுகுறிப்பெயராய் வளர்ந்தது எனலாம். வாம்பயர் வீக்கெண்ட் என்னும் குழுவினர் 2008-இல் தம் முதல் ஆல்பத்தை எக்ஸ்.எல். என்னும் தனி வெளியீட்டாரிடம் தந்தனர். 2019 முதல் சோனியின் கிளையாகிய கொலம்பியாவினிடம் தருகின்றனர். ஆயினும் அவரை இண்டி என்றே உலகம் அழைக்கின்றது.

அக்குழுவினரின் ‘ஒன்லி காட் வாஸ் அபவ் அஸ்’ 2024 ஏப்ரல் 5-இல் வெளிவந்தது. பத்துப் பாட்டுக்கள் உடையது. எமக்கு மேலே கடவுள் ஒருவரே இருந்தார் என்பது அப்பெயரின் பொருள். சமயப் பாட்டோ எனில், அன்று. 1988-இல் ஹவாய்த் தீவில் பறந்த ஒரு விமானத்தின் கூரை நடுவானிற் பெயர்ந்துபோயிற்று. அச்செய்தியைத் தாங்கிய நாளிதழின் தலைப்பே இது. கைவிடப்பட்ட நியூயார்க் சுரங்க ரயில் பெட்டியொன்றில் ஒருவர் அவ்விதழை விரித்திருக்கும் பழைய நிழற்படம் மேலட்டையை அணி செய்கின்றது. பாட்டுக்களோ மிகச் செப்பமானவை. பியானோ ஓட, அதன்மேல் இரைச்சல் ஒன்று வேண்டுமென்றே கீறி விடப்படுகின்றது. அக்கீறலுங்கூட அளந்து வைத்தது போன்றே எமக்குத் தோன்றிற்று. வியந்தோம்; உருகினோமல்லோம். இறுதியில் நிற்கும் ‘ஹோப்’ என்பது மட்டும் விலக்கு. ஏறத்தாழ எட்டு மணித்துளி, நேர்ந்த இழப்புக்களை அடுக்கிக்கொண்டே சென்று, போகட்டும் விடுக எனத் திரும்பத் திரும்ப இரக்கின்றது அப்பாட்டு.

எம்.ஜே. லெண்டர்மன் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்தார், 1999-இற் பிறந்தவர். செப்டம்பர் 6-இல் வெளிவந்த இவருடைய ‘மானிங் ஃபயர்வொர்க்ஸ்’ ஒன்பதே பாட்டுக்கள். கிதாரும், அழுகை போல நீளும் பெடல் ஸ்டீலும், சோம்பல் மிக்க குரலுமே கருவி. தன் கைக்கடிகாரத்தின் பெருமையை ஒருவன் பேசிக்கொண்டே போக, பேச்சின் ஓட்டையினூடே அவன் தனிமை தெரிகின்றது. நகைச்சுவையும் அவலமும் ஒரே வாயிற் பிறத்தல் அரிது. மூன்றனுள் எமக்கு மிக அணுக்கமானது இதுவே. ஆயினும் இறுதிப் பாட்டின் பின்பகுதியை நிறைத்து நிற்கும் நீண்ட முழக்கத்தின் கருத்து யாதென இன்றளவும் விளங்கவில்லை.

நிற்க. ‘டயமண்ட் ஜூபிலி’ பற்றிச் சொல்லவே இவ்வளவும். கனடா நாட்டுக் கால்கரி நகரில் ‘விமென்’ என்னும் குழுவிற் பாடிய பாட்ரிக் ஃபிளெகல், சிண்டி லீ என்னும் வேடத்தில் இயற்றியது. பாட்டுக்கள் 32; காலம் இரண்டு மணி நேரம். மார்ச்சுத் திங்களில் வெளிவந்தபொழுது, ஸ்பாட்டிஃபை முதலியவற்றுள் இல்லை. யூடியூபில் ஒரே நீண்ட கோப்பாகவும், மிகப் பழைய கோலத்ததான இணையதளம் ஒன்றிலும் மட்டுமே கிடைத்தது.

விடுதியில் யாம் அண்ணா என விளிக்கும் நண்பர் ஒருவர் இதனைக் கேட்குமாறு பணித்தார். தேர்வுக் குறிப்புக்களைப் புரட்டிக்கொண்டே கேட்டோம். நாற்பது மணித்துளியில் நிறுத்திவிட்டு, “எல்லாம் ஒரே மூட்டமாக இருக்கிறது, அண்ணா” என்று தீர்ப்பும் கூறினோம். “கடைசிப் பாட்டு எப்படி, தம்பி?” என்றார். “அது பரவாயில்லை” என்றோம். கேளாத பாட்டிற்குக் கருத்துக் கூறிய அந்த ஒரு சொல் பின்னர்ப் பல நாள் எம்மை உறுத்திற்று. பிட்ச்ஃபோர்க் என்னும் விமரிசனத் தளம் இதற்குப் பத்துக்கு 9.1 தந்தது என அறிந்தபொழுதோ, மீண்டும் கேளாமலேயே எம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் துணிந்தோம். இது முன்னதினும் இழிவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டைமாடியில் தனித்து அமர்ந்து முழுதும் கேட்டோம். 1960-களின் அமெரிக்கப் பெண்டிர் குழுக்களின் சாயல். பழைய ஒலிநாடாவிற் படிந்தது போன்ற புகை. அதனூடே கூர்மையான கிதார். எந்தப் பாட்டும் தன்னை முன்னிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் கடந்தபின், மூட்டம் என யாம் பழித்ததே இவ்வுலகின் வானிலை என்று புரிந்தது. முத்தகங்களின் தொகைநிலை என எண்ணித் தொடங்கிய யாம், தொடர்நிலையோ என ஐயுற்று முடித்தோம். ஒரே கோப்பாக வைத்ததும் நன்றே ஆயிற்று. பாட்டுப் பாட்டாகத் தாவியிருப்பின் மீண்டும் தவறியிருப்போம். நீளம் குறையன்று எனச் சாதிக்க வரவில்லை. இடையில் நான்கைந்து பாட்டுக்கள் இல்லாவிடினும் இழப்பில்லை.

பின்னர் அண்ணனிடம் சென்று நடந்ததை ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்து, “நானும் இன்னும் கடைசிவரை போகவில்லை, தம்பி” என்றார்.

இன்னும் ஒன்று. அவ்விணையதளத்திற் கோப்பைப் பெறுவோர் விரும்பின் 30 கனடா டாலர் அளிக்கலாம் எனக் குறித்திருந்தனர். கம்பெனிகளை விலக்கி நிற்பவர்க்குக் கேட்போர் தருவதே கூலி. அத்துணிவைச் சிற்றுண்டிச்சாலையில் வாயாரப் புகழ்ந்த யாம் ஒரு காசும் தந்தோமல்லோம். பின்னர் அஃது இசைத்தட்டாகவும் வெளிவந்துள்ளது. விடுமுறையில் நூலக வேலைக்குக் கிடைக்கும் பணத்தில் அதனை வாங்குவதென உறுதி செய்துள்ளோம். அதனைச் சுழற்றிக் கேட்கும் கருவி எம்மிடம் இல்லை என்பது வேறு.