புகை தள்ளும் பழைய வண்டிக்கு ரிங் மட்டும் போதுமா?

கிளிஞ்சல்மேட்டு வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவரிடம் இருப்பது பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். காலையில் மீன் கூடை, மாலையில் மாட்டுத் தீவனம் என்று ஓடும் வண்டி. இப்போது நீலப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது. ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்கிறாராம் மெக்கானிக்.

அவசரப்பட்டு இஞ்சினைப் பிரிக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்ததும் சற்றுப் புகைந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல்தான், செலவு குறைவு. ஓடும்போதும் புகை நிற்கவில்லையா? பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, கிக்கரை மிதித்துப் பாருங்கள். முன்பைவிட இறுக்கம் கூடினால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. கூடாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ. அது வட்டம் குலைந்து தேய்ந்திருந்தால் புது ரிங் போட்டும் பயனில்லை. சில மாதத்தில் மறுபடி புகைதான். ஆயில் இஞ்சினுக்கு லைனர் மாற்றியவர்களுக்கு இது தெரியும். லேத் பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுத்து, அதன் அளவுக்கே போர் செய்ய வேண்டும்.

கடற்கரை மணலில் ஓடும் வண்டிக்குக் கிழிந்த ஏர் ஃபில்டர்தான் எமன். அதையும் அன்றே மாற்றுங்கள். முதல் 500 கி.மீ. வரை பாரம் ஏற்றாமல் ஓட்டி, பிறகு ஆயிலை மாற்றிவிடுங்கள்.