உறக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம்: வாங்குவது அவசியமா?

அரக்கோணத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு நாள்தோறும் இரயிலில் பணிக்குச் சென்று திரும்புவோர் பலர். விடியுமுன் எழுந்து, இரவில் தாமதமாக உறங்கும் இவர்களுக்கு, உறக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் பயன்படுமா?

இக்கருவிகள் உடல் அசைவையும் இதயத்துடிப்பையும் கொண்டே உறக்கத்தைக் கணிக்கின்றன. மூளை அலைகளைப் பதிவு செய்வதில்லை. எனவே, உறங்கிய மொத்த நேரத்தை ஓரளவு சரியாகக் காட்டினாலும், ஆழ்ந்த உறக்கம் குறித்த கணக்கை முழுமையாக நம்ப இயலாது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. அது கிடைக்கவில்லை என்பதை அறிய வீட்டுக் கடிகாரமே போதும்.

உறக்கத்தில் மூச்சுத்தடை ஏற்படுவதற்கான அறிகுறிகளைச் சுட்டும் வசதிக்கு, சாம்சங், ஆப்பிள் கைக்கடிகாரங்களில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024-இல் அனுமதி அளித்தது. அவ்வசதி எச்சரிக்குமே தவிர, நோயை உறுதிப்படுத்தாது. எச்சரிக்கை வராததால் நோய் இல்லை என்றும் கருதலாகாது.

உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறி விழித்தல், பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை இருப்பின், கருவிக்காகக் காத்திராமல் அரசு மருத்துவமனையை அணுகவும். மருத்துவர் பரிந்துரைக்கும் உறக்க ஆய்வே நோயை உறுதிசெய்யும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் இதில் காலம் தாழ்த்துதல் கூடாது.