கோடம்பாக்கமா, கோலிவுட்டா?

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், விவிலியத்திலிருந்து வந்த பெயர். தலைமுறைகளாக வழங்கி அவ்வூருக்கே உரியதாயிற்று. ‘கோலிவுட்’ அத்தகையதன்று. அமெரிக்க ஊரான ஹாலிவுட்டின் வாலை வெட்டிக் கோடம்பாக்கத்தின் முதலெழுத்தில் ஒட்டிய சொல் அது. இவ்வொட்டுவேலை பழையதே. கொல்கத்தாவின் டாலிகஞ்ச், 1932இல் அமெரிக்க ஒளிப்பதிவு இதழொன்றில் ‘டாலிவுட்’ ஆயிற்று. பின்னர்த் தெலுங்குத் திரையுலகும் அப்பெயரையே பெற்றது. ஒரு சட்டை, இருவர்க்கு!

தமிழுக்கு இந்த ஒட்டு எதற்கு? ‘ஊர் சிரித்தது’ என்பதில் ஊர், மக்களைக் குறிப்பதுபோலக் ‘கோடம்பாக்கம் கொண்டாடியது’ என்றால் அது திரைத்துறையினரையே குறிக்கும். இஃது இடவாகுபெயர். நாளிதழ்கள் இதனை விட்டுக் கோலிவுட்டை நாடுவது வீண். படச்சுருள் வந்ததும் ‘பெட்டி வந்துவிட்டது’ என்று மகிழ்ந்த கொட்டகைக்காரர், இலக்கணம் பாராமலே அவ்வாகுபெயரைக் கையாண்டனர்.