சாரதாவின் கணவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் வாப்பா தம்பியைக் கொழும்புப் பொது நூலகத்துக்கு அழைத்துச் செல்வார். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, கொள்ளுப்பிட்டியில் இறங்கி நடப்பார்கள். நானும் போகலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் புரியாணி. வெங்காயம் உரிக்க உம்மாவுக்கு ஒரு கை வேண்டும். ஆகவே மாதத்தில் ஒரு முறைதான் எனக்கு வாய்க்கும். உம்மா ஒரு முறையேனும் போனதில்லை.

சென்ற தவணையில் நூலகர் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேசும்படி தமிழ் ஆசிரியை சொன்னார். நான் தெரிவு செய்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். நமக்கும் அவர் அந்நியர் அல்லர். 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைக்க ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1981இல் எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி நம் பெற்றோர் பேசக் கேட்டிருக்கிறோம். அவற்றைத் தாங்கி நின்ற நூலகத்துக்குப் பின்னால் அவருடைய அறிவும் இருந்தது.

அவர் நூலகராக வர விரும்பியவர் அல்லர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். கற்பித்தலில் அத்தனை பிரியம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமனம் கிடைத்துப் போனால், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத தனிமை. சில நாட்களிலேயே பழைய கல்லூரி அதிபரிடம் போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாராம். முதலில் இலண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அதன்பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார் அதிபர். இலண்டன் அவரை மாற்றிவிட்டது. அங்கே சிறுவர்களும் பெண்களும் தொழிலாளரும் நூலகங்களுக்கு வந்து போவதைக் கண்டார். ஒரு கடையில், துண்டுகளைப் பூட்டி விதவிதமான உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுப் பொருளையும் கண்டார். ஒரு நூலின் பொருளையும் அப்படித் துண்டு துண்டாகப் பிரித்து இணைக்கலாமே என்று அப்போது தோன்றியதுதான் 1933இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. (கணித ஆசிரியர்கள் விளையாட்டுப் பொருளையும் சும்மா விடமாட்டார்கள் போலும்.)

ஊர் திரும்பியதும் வாசகர்கள் தாமே அலுமாரிகளிடம் போய் நூலைத் தொட்டுப் பார்த்து எடுக்க வழி செய்தார். நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவை 1931இல் நூலாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வாசகரின் நேரம் வீணாகக்கூடாது என்பது இன்னொன்று.

இதுவரை வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து நான் சொன்னதுதான் சர்ச்சையாயிற்று.

ரங்கநாதனின் முதல் மனைவி ருக்மணி 1928இல் காலமானார். அதே ஆண்டில்தான் அந்த ஐந்து விதிகளும் அவர் மனதில் உருவாகின. அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். திருமணம் நடந்த அன்றே நூலகத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றும், சென்னையில் இருந்த காலமெல்லாம் விடுமுறையே எடுக்கவில்லை என்றும் எழுதுகிறவர்கள் பெருமையோடு எழுதுகிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மணப்பெண்ணாக வீட்டில் இருந்தவருக்கு அன்றைய பொழுது எப்படிப் போயிருக்கும்? வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொன்னவர் தம் நேரம் முழுவதையும் நூலகத்துக்குக் கொடுத்தார். அப்படிக் கொடுப்பதற்கு வீட்டில் வேறொருவர் தம் நேரத்தைக் கொடுத்திருக்கவேண்டும். சமையலும் 1932இல் பிறந்த மகனின் வளர்ப்பும் தாமாக நடந்திருக்காது.

பெரியவர்களைக் குறை சொல்லாதே என்றாள் ஒரு தோழி. நான் குறை சொல்லவில்லை. ரங்கநாதனே இதை அறிந்திருந்தார் என்றுதான் நம்புகிறேன். வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவினார். அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. சாரதா ரங்கநாதன் என்று வைத்தார். 1950களில் ஒரு இலட்சம் சிறிய தொகையா? பாசம் மட்டும் அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கடனைக் கடன் என்று ஒப்புக்கொண்டதாகவே அதைப் பார்க்கிறேன். அவர் எழுதிய பெரிய நூல்களைவிட இதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கிறது. 1972இல் அவர் காலமானார். பின்னாளில் அவருடைய மகனே தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். வீட்டுக்கு வராத தந்தையைப் பற்றி எந்த மகனும் அவ்வளவு எழுதியிருக்கமாட்டார் என்று ஆசிரியை சொன்னார். அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

பெற்றோரிடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. மகள் வாசிக்கவேண்டும் என்று நீங்கள் எல்லோரும் விரும்புகிறீர்கள். புத்தகக் கண்காட்சிக்குப் பணமும் தருகிறீர்கள். ஆனால் வாசிக்க முதலில் வேண்டியது நேரம். அதை யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறோம்? 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் போயின, வர முடியாதவர்களைத் தேடி. எங்கள் சமையலறை வெள்ளவத்தையில்தான் இருக்கிறது, மாட்டுவண்டிகூடத் தேவையில்லை.

இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு தம்பி வெங்காயம் உரித்தான். பாதியைத் தோலோடு எறிந்தான். நான் நூலகத்தில் உம்மாவுக்கென்று ஒரு சமையற் புத்தகம் எடுத்து வந்தேன். உம்மா அதைத் திறந்தும் பார்க்கவில்லை. எனக்காக எடுத்த நாவலைக் கொண்டுபோய்க் கட்டிலில் சாய்ந்துகொண்டார். திருப்பிக் கொடுக்கும் திகதி கடந்துவிட்டது. இன்னும் முப்பது பக்கம் இருக்கிறதாம். தண்டப்பணத்தை வாப்பாதான் கட்டவேண்டும்.