இரண்டகர் யாவர்?

வென்றவன் எழுதும் வரலாற்றினும், தோற்றும் செருக்கு அடங்காதவன் எழுதும் வரலாறு கொடிது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) மிசிசிப்பி மாநிலத்துச் சோன்சு மாவட்ட உழவர்களை ‘ஓடுகாலிகள்’, ‘இரண்டகர்கள்’ எனப் பழித்தவர்கள் அத்தகையோரே. அப்பழி பொருந்துமா என்று பார்ப்போம்.

சோன்சு, பெரும்பண்ணைகளின் நாடன்று. மணற்பாங்கான பைன் காட்டு நிலம். மக்காச்சோளம் விளைவித்தும் பன்றி வளர்த்தும் பிழைத்த சிற்றுழவர்களே அங்கு மிகுதி. மாநில மக்களுள் பாதிக்குமேல் அடிமைகளாக இருந்த 1860-இல், அங்கு நூற்றுக்குப் பன்னிருவர் அளவினரே அடிமைகள். கூட்டரசினின்று பிரிதல் கூடாதென்று சொல்லி வரவே அம்மக்கள் ஒரு பேராளரைத் தேர்ந்து விடுத்தனர். அவரோ 1861 சனவரியில் சாக்சன் நகரப் பேரவையில், இறுதியில் பிரிவினைக்கே ஒப்பினார். முதல் இரண்டகம் எது? இதுவன்றோ!

1862 ஏப்பிரலில், 18 முதல் 35 அகவை வரையுள்ள ஆடவரைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கும் சட்டம் வந்தது. அக்டோபரிலேயே அதற்கோர் ஓட்டையும் இட்டனர்: இருபது அடிமைகளைக் கொண்ட பண்ணைக்கு வெள்ளையர் ஒருவர் விலக்குப் பெறலாம்! மாந்தரை விலைக்கு வாங்கியவன் மனையில் இருக்க, தன் கையால் ஏர் பிடித்தவன் அவனுக்காகச் சாகவேண்டும். இதன் பெயர் நாட்டுப்பற்றாம்!

ஏர் பிடித்தவன் போனபின் குடும்பம் என்ன ஆயிற்று? மனைவி உழுதாள், சிறுவர் விதைத்தனர். 1863 மார்ச்சுச் சட்டத்தைக் காட்டிக் குதிரையையும் தவசத்தையும் படையினர் கவர்ந்தனர். அவர்கள் தந்த தாட்பணமோ நாளும் மதிப்பிழந்தது. ஏப்பிரலில் விளைச்சலிற் பத்திலொரு பங்கும் வரியாயிற்று. கடல்வழி அடைபட்டமையால் உப்புக்கும் வழியில்லை. இறைச்சியைப் புகையூட்டும் கொட்டிலின் தரை மண்ணைத் தோண்டிக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பெடுத்தனர் தென்னாட்டுப் பெண்கள். உப்பின்றேல் பன்றியிறைச்சி கெடும். அது கெட்டால் பட்டினி. இந்நிலையை உரைக்கும் மடல் கைக்கு வந்தபின் எந்தக் கொடி அவனைப் பிடித்து நிறுத்தும்?

1863 சூலை 4-இல் விக்சுபர்க்கு வீழ்ந்தது. வீடு திரும்பியவருட் பலர் மீண்டும் படைக்குச் செல்லவில்லை. அக்டோபரில் நியூட்டன் நைட்டு என்னும் உழவரின் தலைமையில் அவர்கள் ஓர் அணியாகி, இலீப்பு ஆற்றுச் சதுப்புகளில் மறைந்தனர். பெண்டிர் உணவு கொண்டு சென்றனர். இரேச்சல் என்னும் அடிமைப் பெண்ணும் துணை நின்றார். (இவ்வுழவர் அனைவரும் அடிமை விடுதலைக்கே எழுந்தனர் என்பது மிகைக்கூற்று, பலரை எழுப்பியது பசியும் மானமுமே. ஆனால் இரேச்சலுக்கு எப்பக்கம் நிற்பதென்ற ஐயமே எழுந்திராது.)

1864 ஏப்பிரலில் இராபர்ட்டு இலௌரி என்னும் படைத்தலைவர் வேட்டை நாய்களுடன் வந்தார். உழவர் சிலர் தூக்கிலேற்றப்பட்டனர். சிலர் நியூ ஆர்லியன்சு சென்று கூட்டரசுப் படையிற் சேர்ந்தனர். ஒரே குடியில் ஒருவன் சாம்பல் உடையிலும் மற்றொருவன் நீல உடையிலும் நின்றான். இருவர்க்கும் உணவு அனுப்ப இயலாத தாய் எவனைச் சபிப்பாள்?

தூக்கிலிட்ட இலௌரி 1882 முதல் 1890 வரை அம்மாநில ஆளுநராக வீற்றிருந்தார். நைட்டோ 1922-இல் இறக்கும்வரை, அண்டைச் சாசுபர் மாவட்டத்தில் உழவராகவே வாழ்ந்தார்.